வில்லைக் குவியலும் யாமும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, தமிழாசிரியராதலின் சங்ககாலக் கொடைத்திறம் பற்றியோ, கல்லூரியின் பழைய ஆசிரியப் பெருமக்கள் பற்றியோ யாம் எழுதுவோம் என எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மினும் வல்லார் எழுதியுள்ளனர், இன்னும் எழுதுவர். யாம் எழுதப் புகுந்தது சீட்டாட்டம் பற்றி. அதிலும், 'போக்கர்' என வழங்கும் பந்தயச் சீட்டாட்டப் போட்டி முடியுந் தறுவாயில், ஏனையோரினும் மிகுதியான வில்லைகளைத் தம்முன் குவித்து வைத்திருக்கும் ஒருவர் ஆடும் முறை பற்றி. திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய 'சூது' என்பதனைப் பலமுறை வகுப்பிற் கற்பித்த ஒருவர் இவ்வாறு எழுதலாமோ என முகஞ் சுளிப்பார் சிலர் இருப்பர். அவர்கட்கு யாம் கூறக்கூடியது, எம் வாழ்நாளில் ஒரே ஓர் இரவு மட்டுமே அவ்விருக்கையில் யாம் அமர்ந்தோம் என்பதும், அவ்விரவு இன்னும் எம்மை விட்டு நீங்கவில்லை என்பதுமே.

சீட்டு எமக்குப் புதியதன்று. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில் யாம் இக்கல்லூரியில் மாணவராயிருந்தோம். மண்ணெண்ணெயைச் சிக்கனஞ் செய்தற்கென ஜாம் போத்தலுள் திரியிட்டு எரித்த சிறு விளக்கின் ஒளியில், விடுதிச்சாலையில் இரவுப் படிப்பு முடிந்தபின், 304 ஆடுவது வழக்கம். கடுதாசி விளையாட்டென்றால் எம்மூரில் அதுவே. எமக்கு அதனைக் கற்பித்தவர், தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து விடுதியில் தங்கியிருந்த வகுப்புத் தோழர் ஒருவர். பெயரை விடுத்து நண்பர் என்றே அவரைக் குறிப்போம். வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. இக்கணக்கை யாம் பெருக்கல் வாய்பாட்டினும் விரைவாக மனனஞ் செய்தோம் என்பதை இன்றைய மாணவர் அறிதல் வேண்டா.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தபோது, அந்நண்பர் விடுதியிலிருந்து தம் துணிப்பையுடன் எம் வீட்டிற்கே வந்து சேர்ந்தார். நடக்கமாட்டாத எம் பாட்டியாரைத் தம் துவிச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் ஏற்றி, மழையில், நெரிசலில், அடிமேல் அடிவைத்து நாவற்குழிப் பாலம் வரையும் அதற்கப்பாலும் உருட்டிக்கொண்டு வந்தவர் அவரே. அதன்பின் அவர் படிப்புத் தொடரவில்லை. எம் படிப்புத் தொடர்ந்தது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழும் பெற்று, முன்பு மாணவராயிருந்த இடத்திலேயே ஆசிரியராய் வந்து சேர்ந்தோம். அவர் கனடா சென்றார்.

2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், தமக்கையாரின் மகளது சாமத்தியச் சடங்கிற்காக யாமும் ரொறன்ரோ நகர் சென்றோம். சடங்கு முடிந்த அடுத்த சனிக்கிழமை மாலை, அத்தான் தம் வீட்டு நிலக்கீழ் அறையில் இரண்டு மேசைகளை விரித்தார். கல்லூரியின் பழைய மாணவர் பதினெண்மரும், அவர்களுள் ஒருவருடன் வந்த இளைஞர் ஒருவரும், யாமுமாக இருபதின்மர். ஆளுக்கு 50 டொலர், ஆக 1000. வீட்டுக்காரர் ஒரு சதமும் எடுப்பதில்லை. முதலாமவருக்கு 500, இரண்டாமவருக்கு 300, மூன்றாமவருக்கு 200, நான்காமவர்க்கு ஒன்றுமில்லை. எமக்குரிய 50 டொலரை அத்தான் கட்டினார். தமக்கையார் ரோல்சும் பற்றீசும் பொரித்து அனுப்பிக்கொண்டே இருந்தார்.

நண்பரும் வந்திருந்தார். பாண் உற்பத்தி செய்யும் பெருந் தொழிற்சாலையொன்றில் அவருக்கு வேலை. ஞாயிறும் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும். அவ்வாண்டு ஒன்ராறியோ மாகாணத்திற் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டொலர். ஐம்பது டொலர் என்பது தமக்கு மூன்றரை மணிநேரம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். யாமும் சிரித்தோம்.

ஆட்டத்தைச் சிறிது விளக்குவோம். ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். பின்னர், நடுவிலே எல்லார்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் படிப்படியாக விரிக்கப்படும். ஏழினுள் மிகச் சிறந்த ஐந்தே ஒருவரது கை. சீட்டு விரியுமுன்னும் விரியுந்தோறும் பந்தயம் கூட்டலாம். வேண்டுமாயின் தம் முன்னுள்ள வில்லைகள் அனைத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம். எதிர்த்துத் தள்ள விரும்பாதவர் தம் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அக்கையிலிருந்து நீங்குவர். எல்லாரும் போட்டுவிட்டால், தள்ளியவர் தம் சீட்டைக் காட்டாமலே நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்வர். 304இல் இது நடவாது. அங்கே ஒவ்வொரு சீட்டும் மேசைக்கு வந்தே தீரும். எண்ணிப் பார்த்தே தோல்வி. போக்கரில், நல்ல சீட்டை வைத்திருப்பவர் கெட்ட சீட்டை வைத்திருப்பவர்க்குத் தோற்று, தாம் தோற்றதை அறியாமலே வீடு செல்லலாம்.

இன்னுமொன்று: ஒவ்வொரு கைக்கும் இருவர் சீட்டுப் பாராமலே கட்டாயப் பந்தயம் இடல் வேண்டும். அக்கடமை மேசையைச் சுற்றி வரும். அதன் தொகையும் நேரஞ் செல்லச் செல்ல ஏறும். ஆதலின் ஒன்றும் ஆடாமற் காத்திருப்பவரின் குவியல் தானே கரையும்.

ஆளுக்கு 5,000 வில்லையுடன் தொடங்கினோம். எமக்கு ஆட்டம் அரைகுறையாகவே தெரியும். ஆயினும் இருமுறை நல்ல சீட்டுத் தற்செயலாய் வந்து, இருவரை அடியோடு அனுப்பிவிட்டோம். இரவு பதினொரு மணியளவில் ஒரு மேசையே எஞ்சியது. பின்னர் ஐவர், பின்னர் நால்வர். எம்முன் 50,000. எம் இடப்பக்கத்தில் நண்பர், 20,000. அடுத்து எம் கல்லூரியின் முன்னாள் துடுப்பாட்ட வீரரொருவர், அவருக்கும் 20,000. கடைசியாக அவ்விளைஞர், 10,000. கட்டாயப் பந்தயம் 1,000உம் 2,000உம். இன்னும் ஒருவர் வெளியேறினால் எஞ்சிய மூவர்க்கும் பணம்.

இந்நிலைக்கு ஆங்கிலத்தில் நீர்க்குமிழி என்று பெயராம். உடையுமுன் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் நிலை.

யாம் முதலிற் செய்தது, பெருங்குவியல் வைத்திருக்கும் புதியவர் எல்லாருஞ் செய்வதே. ஐம்பதினாயிரத்தையும் அழகாக அடுக்கி, நிறம் பிரித்து, இரு கையாலும் அணைத்துக்கொண்டு, சீட்டு வந்ததும் வந்ததும் போட்டுக்கொண்டிருந்தோம். வட்டிக்கடைக்காரர் பெட்டியைக் காப்பதுபோல் காத்தோம். எமக்குப் பின்னால் நின்றவர் எம் மருமகன். பல்கலைக்கழகத்திற் கணிதம் பயில்பவர். ஆட்டம் நடக்கையில் வாய் திறக்கலாகாதென்பது விதி. தேநீருக்கு எழுந்தபோது படிக்கட்டில் எம்மை மறித்து, “மாமா, நீங்கள் காக்கிறீங்கள். அவையெல்லோ காக்கவேணும்” என்றார்.

அவர் கூறியதன் பொருளை அன்று அரைவாசியே உணர்ந்தோம். மறுநாட் காலை ஒரு கடித உறையின் பின்புறத்தில் அவர் முழுக்கணக்கையும் போட்டுக் காட்டினார். பல குதிரைகள் ஓடும் பந்தயம் போன்றவற்றில் எவர் முதலாவது, எவர் இரண்டாவது வருவர் எனும் நிகழ்தகவைக் காண்பதற்கு 1973இல் டேவிட் ஹார்வில் என்பார் வகுத்த முறையொன்று உண்டு. அதனையே சீட்டுப் போட்டிக்கும் கொள்வர். ஒருவர் முதலாவதாக வரும் வாய்ப்பு, மொத்த வில்லைகளில் அவர்தம் பங்கு எவ்வளவோ அவ்வளவு. அவரை நீக்கியபின் எஞ்சியோர்க்குள்ளும் அவ்வாறே.

அம்முறைப்படி வில்லைகளில் அரைவாசியை வைத்திருந்த எமது இருப்பின் பெறுமதி, ஆயிரம் டொலரில் அரைவாசியன்று, 372 டொலரே. ஐந்திலொரு பங்கை வைத்திருந்த நண்பரின் பெறுமதியோ 200 அன்று, 243. முதலாமவரும் எல்லாவற்றையும் அள்ளுவதில்லை, மூன்றாமவரும் வெறுங்கையுடன் போவதில்லை, அதனால் இவ்வேறுபாடு. இப்போது யாம் எல்லாவற்றையும் தள்ளுகின்றோம், நண்பர் தம் இருபதினாயிரத்தையும் எதிர்த்துத் தள்ளுகின்றார் என்க. அவர் வென்றால் அவர் பெறுமதி 336 டொலராகும். 93 டொலர் இலாபம். தோற்றால் அவர் நான்காமவர்; 243உம் போயிற்று. எமக்கோ, வென்றால் 63 டொலர் ஏறும். தோற்றால் 77 இறங்கும், எனினும் இன்னும் 30,000 வில்லையோடு இருக்கையில் இருப்போம். கட்டாயப் பந்தயத்தைச் சேர்க்காது பார்த்தால், யாம் மோதுதற்கு நூற்றுக்கு 55 வெல்லும் வாய்ப்புப் போதும். அவர் மோதுதற்கு நூற்றுக்கு 72க்கு மேல் வேண்டும்.

இருவர்க்கும் சீட்டு ஒன்றே, மேசை ஒன்றே, விதியும் ஒன்றே. விலை மட்டும் வேறு. உறையின் பின்புறத்தில் அந்த 55உம் 72உம் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதப்பட்டிருந்ததைக் கண்டபோது முன்னிரவு முழுவதும் எமக்கு மறுபடி விளங்கிற்று.

தேநீருக்குப்பின் யாம் தள்ளத் தொடங்கினோம். முதற் கையில் எமக்கு வந்தவை வீரனும் நாலும், வெவ்வேறினம். ஒருவித மதிப்புமில்லாத சீட்டு. முதற்பேச்சு எமது. குவியலை இரு கையாலும் முன்னே நகர்த்தினோம். அடுத்தவர் நண்பர். அவர் தம் சீட்டை விரல்நுனியால் தூக்கிப் பார்த்தார், மறுபடி பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். ஏறத்தாழ இரண்டு நிமிடம். பின்னர், “மச்சான், எட்டுச் சோடி. மனமில்லை. ஆனாப் போடுறன்” என்று இரண்டு எட்டையும் மலர்த்தி வைத்தார். மற்றிருவரும் போட்டனர். நடுவிலிருந்த 3,000ஐ யாம் எடுத்துக்கொண்டு, வீரனையும் நாலையும் கவிழ்த்தபடியே கட்டுக்குள் நுழைத்தோம்.

அவர் செய்தது சரியே. எதிரி எச்சீட்டையும் தள்ளுவார் எனக் கொண்டாலும் எட்டுச் சோடி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 69 அளவே. அவருக்கு வேண்டியது 72. எனினும் அவர் கையிலிருந்தது எம் கையிலிருந்ததினும் மிகச் சிறந்தது. அதனை அவர் மேசையில் வைத்துவிட்டுத் தலைகுனிந்தார்.

ஒன்றை ஒளியாமற் சொல்லல் வேண்டும். அக்கணம் எமக்கு இனித்தது.

அதன்பின் பன்னிரண்டு கைகளில் எத்தனை தடவை தள்ளினோம் என்பது நினைவில்லை. சீட்டைப் பார்ப்பதும் பாராததும் ஒன்றாயிற்று. மூன்று சுற்றுக்கு ஒன்பதினாயிரம் கட்டாயப் பந்தயம் இட்டு, ஒரு கையும் மோதாமல், ஒரு தவறும் இழையாமல், நண்பரின் இருபதினாயிரம் பதினோராயிரமாயிற்று. துடுப்பாட்ட வீரரதும் பதினாலாயிரமாய்க் குறைந்தது. இளைஞரை மட்டும் யாம் தொடவில்லை. அவர் தள்ளியபோதெல்லாம் விட்டுக்கொடுத்தோம். அது இரக்கமன்று. அவர் வெளியேறினால் குமிழி உடையும். குமிழி உடைந்தால் மற்றிருவர்தம் அச்சம் நீங்கும். அச்சம் நீங்கினால் எமக்கு வருவாய் நிற்கும். படிக்கட்டில் மருமகன் கூறிய ஒரு வாக்கியத்திலிருந்து இத்தனையையும் யாமே உய்த்துணர்ந்தோம். பயிற்சிக் கலாசாலையிற் படித்த உளவியலும் உதவிற்றுப் போலும்! யாம் விட்டுக்கொடுத்தமையால் இளைஞர் பதினெண்ணாயிரமாக வளர்ந்தார். மேசையில் மிகச் சிறியவர் இப்பொழுது நண்பரே.

இம்முறை எம் கண்டுபிடிப்பன்று. இவ்வாட்டத்தின் பெருவிழா அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் பென்னி பினியன் என்பார் 1970இல் தொடங்கிய 'வேர்ல்ட் சீரீஸ் ஒஃப் போக்கர்'. ஒருவரே எல்லா வில்லைகளையும் சேர்க்கும்வரை ஆடும் முறையில் அதன் வெற்றியாளரைத் தெரிதல் 1971இல் தொடங்கியது. 2006இல் 8,773 பேர் கலந்துகொண்டனர். அவ்வாண்டு ஜேமி கோல்ட் என்பவர், இறுதி மேசைக்கு நெடுமுன்னரே பெருங்குவியலைச் சேர்த்துக்கொண்டு, ஓயாது பேசியும் ஓயாது தள்ளியும் மேசைக்கு மேசை எதிரிகளை நெரித்து, ஒரு கோடி இருபது இலட்சம் டொலர் வென்றார். 2015இல் ஜோ மக்கீஹன் இறுதி ஒன்பதின்மருள் 6 கோடி 31 இலட்சம் வில்லையுடன் அமர்ந்தார். அவருக்கு அடுத்தவரிடம் 3 கோடியும் இல்லை. முதலிடத்தை விடாமலே அவர் வென்றார். அவ்வாட்டத்தின் படப்பதிவை யாம் பின்னர் பார்த்தோம். அவர் முகத்தில் கடுமை எதுவுமில்லை. தள்ளவேண்டிய இடத்தில் தள்ளினார். வேண்டாதவிடத்துச் சும்மா இருந்தார். எமக்கும் அவருக்கும் உள்ள தூரம் அங்கேதான்.

குவியல் மட்டும் போதாதென்பதற்கும் சான்றுண்டு. 2009இல் மேரிலாந்து மாநிலத்து மரம்வெட்டுந் தொழிலாளர் டார்வின் மூன் 5 கோடி 89 இலட்சம் வில்லையுடன் இறுதி மேசையில் முதல்வராய் அமர்ந்தார். வென்றவரோ 1 கோடி 32 இலட்சத்துடன் அமர்ந்த ஜோ காடா எனும் இருபத்தொரு வயதினர். மூன் இரண்டாமவரானார். எமக்கு அவரையே பிடித்தது. காரணம் பின்னே புலனாகும்.

நிற்க. நண்பரிடம் பதினோராயிரம். எம் முறைக்குப் பெரிய கட்டாயப் பந்தயம், 2,000. முதலிற் பேசவேண்டியவர் நண்பர். இம்முறை அவர் சீட்டை ஒரே தடவை பார்த்தார், எல்லாவற்றையும் தள்ளினார். மற்றிருவரும் போட்டனர். எம் கையில் ஒரேயினத்து ஒன்பதும் ஐந்தும். நடுவில் 14,000, யாம் சேர்க்கவேண்டியது 9,000. வில்லைக் கணக்கில் நூற்றுக்கு 39 வாய்ப்பிருந்தாற் போதும். அது ஏறத்தாழ உண்டு. ஆயினும் அவரை உயிருடன் விட்டுவைத்து அச்சத்தை நீட்டுவதே பெருங்குவியலுக்கு ஆதாயமென்று மருமகன் மறுநாள் கடிந்துரைத்தார். கணக்குப் பார்த்தா யாம் அப்போது வில்லையை வைத்தோம்? பன்னிரண்டு கையாக அடங்கியிருந்தவர் ஒருமுறை நிமிர்ந்தாரே என்பது எமக்குப் பொறுக்கவில்லை. அதுவே உண்மை.

அவர் ஆசும் ஆறும் காட்டினார். நடுவில் விரிந்த நான்காஞ் சீட்டு ஒன்பது.

நண்பர் எழுந்து எல்லாருக்கும் கைகொடுத்தார். எமக்குங் கொடுத்தார். “நான் இனிப் படுத்தென்ன, படாமலென்ன, வேலைக்கே போவம்” என்று சொல்லிப் படியேறினார். அப்போது மணி ஒன்று. தமக்கையார் அவரது கையில் ரோல்ஸ் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொடுப்பது எம் காதில் விழுந்தது.

எஞ்சிய ஆட்டத்தை விரைந்து கூறி முடிப்போம். மூவரிடையில் எம்மிடம் 69,000. யாம் முன்போலவே தள்ளினோம். ஆயின் மற்றிருவர்க்கும் 200 டொலர் உறுதியாகிவிட்டது. அவர்கள் குனிந்திருக்க வேண்டிய காரணம் ஒழிந்தது. அச்சத்தால் வந்த வருவாய் அச்சத்தோடு போகும் என்பதை அறியாது, இராசாவும் நாலும், இராணியும் மூன்றும் எனக் குப்பைகளைத் தள்ளித் தள்ளி, துடுப்பாட்ட வீரருக்கு ஒருமுறையும் இளைஞருக்கு இருமுறையும் கொடுத்தோம். வீரர் மூன்றாமவராய்ப் போனார். ஈற்றில், யாம் வருவாய்க்காக உயிரோடு வைத்திருந்த அவ்விளைஞரே 500 டொலரையும் எடுத்துக்கொண்டு, “அங்கிள், நல்லா விளையாடினீங்கள்” என்று மரியாதையாகச் சொன்னார். எமக்கு 300. அத்தானின் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார்.

செவ்வாய்க்கிழமை நண்பர் தம் ஓய்வுநாளில் எம்மை நயாகரா நீர்வீழ்ச்சி காட்ட அழைத்துச் சென்றார். பெருந்தெருவில் நெடுநேரம் வாகனம் ஓடிற்று. பழைய கதைகள் பேசினோம். பாட்டியார் இறந்த ஆண்டு, விடுதிச்சாலைக் கிணறு, அங்கு வைத்த கோழிக்கறி. யாம் ஒருவாறு அவ்விரவைப் பற்றி வருத்தந் தெரிவிக்க முயன்றோம். அவர் கையசைத்துத் தடுத்தார்.

“நீ விளையாடினது பிழையெண்டு நான் சொல்லேல்லை. அது விளையாட்டு. ஆனா நீ அந்தச் சிப்ஸைத் தள்ளேக்கை உன்ரை முகத்தைப் பாத்தனான். பிரம்போடை வகுப்புக்கை வாற வாத்தியாற்றை முகம் மாதிரி இருந்தது. எட்டுச் சோடியை வைச்சுக்கொண்டும் எனக்கு எழும்பேலாமல் போச்சு.”

அவர் நகைச்சுவையாகவே கூறினார். உடனே வேறு பேச்சுக்கும் சென்றார். யாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எம் நினைவில் வந்தவன் ஒரு மாணவன். அதற்குச் சில ஆண்டுகட்கு முன், பத்தாந் தர வகுப்பில், புணர்ச்சி விதி பற்றிய வினாவொன்றை யாம் கேட்டோம். இருவர் தவறாக விடையிறுத்தனர். அவர்களை யாம் நடத்திய முறை அழகியதன்று. பிரம்பை எடுக்கவில்லை. சொல் போதுமாயிருந்தது. மூன்றாவதாக அவனை எழுப்பினோம். கொப்பியைப் பார்த்தான்; எம்மைப் பார்த்தான்; மறுபடி கொப்பியைப் பார்த்தான். “தெரியாது சேர்” என்றான். அவனுக்கும் உரியதைச் சொல்லி இருத்தினோம். அன்று மாலை திருத்துவதற்கென வாங்கிய கொப்பிகளில் அவனுடையதைப் புரட்டியபோது, அவ்வினாவின் கீழ்ச் சரியான விடை முத்துப்போன்ற எழுத்தில் எழுதப்பட்டு, அதன்மேல் ஒரு கோடு இழுத்து வெட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டு முழுவதும் அவன் எம் வகுப்பில் வேறெந்த வினாவிற்கும் கையுயர்த்தவில்லை. யாமும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. அடக்கமான பிள்ளை என்று பெற்றோரிடம் கூறினோம்.

அவனுக்கு என்ன விலை, எமக்கு என்ன விலை என்று அப்போது எவரும் உறையின் பின்புறத்தில் எமக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. பிழையான விடையால் யாம் இழப்பது ஒன்றுமில்லை; இன்னொரு மாணவனை எழுப்புவோம். அவன் இழப்பது நாற்பது பேர் நடுவில் நிற்கும் நிலை. நூற்றுக்கு எழுபத்திரண்டு உறுதியும் அவனுக்குப் போதாது. நூற்றுக்கு நூறு வேண்டியிருந்தது. அவன் கையிலும் எட்டுச் சோடி இருந்தது.

ஊர் திரும்பியபின் யாம் முற்றும் மாறிவிட்டோம் என இங்கு எழுதினால், இதனை வாசிக்கும் எம் மாணவர் நகைப்பர். குரல் இன்றும் உயர்வதுண்டு. விடையைத் தாளில் எழுதச் செய்து, மேசைமேல் மலர்த்தி வைக்கச் செய்து, பின்னரே ஒருவரை எழுப்புகின்றோம். அஃதொன்றே யாம் கைக்கொண்ட வேறுபாடு. இம்முறையால் ஒரு பாடவேளையில் முன்னர் நடத்தியதன் முக்காற் பங்கே நடத்த முடிகின்றது. பாடத்திட்டம் முடியவில்லை என அதிபர் இருமுறை நினைவூட்டினார்.

கனடாவிலிருந்து புறப்படுமுன் ஞாயிற்றுக்கிழமை மாலை, அதே நிலக்கீழ் அறையில், அதே மேசையில், நால்வர் அமர்ந்து 304 ஆடினோம். பந்தயமில்லை. அத்தானும் மருமகனும் ஒரு பக்கம். நண்பரும் யாமும் மறு பக்கம். மருமகனுக்கு ஆட்டத்தின் கணக்கு ஐந்து நிமிடத்திற் பிடிபட்டது. ஆயினும் துரும்பை எப்போது கேட்டு வெட்டுவதென்பது பிடிபடவில்லை. இறுதிக் கையில் நண்பர் 200க்கு மேற் கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு பிடி எஞ்சியிருக்கையில், யாம் வைத்திருந்த ஒன்பதை இறக்கவேண்டிய இடத்தில் இறக்காது, பின்னைக்கு ஆகுமெனப் பொத்தி வைத்திருந்தோம். பின்னை என்பது வரவேயில்லை. நான்கு புள்ளியால் தோற்றோம்.

நண்பர் தம் சீட்டுகளை மேசையில் எறிந்துவிட்டு, ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து எம்மை ஏசிய அதே சொற்களால், ஒரு சொல்லும் மாறாமல், எம்மை ஏசினார். அச்சொற்கள் இம்மலரில் அச்சிடத் தக்கனவல்ல.